ஹில்ட்ரூட் வைத்துக்கொண்ட உச்சித் துண்டு

எங்கெங்கிருந்தோ வந்தவர்களிடமெல்லாம் அவரவர் ஊரைப் பற்றி நாற்பது வருஷமாகத் துருவித் துருவிக் கேட்ட ஒருத்திக்கு, அவற்றில் ஓர் ஊரையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா? தோன்றவில்லை என்றால் அது என்ன வகை ஆர்வம்?

தம்பி மனைவி ஹில்ட்ரூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அன்னெகிரெட்டுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். அன்னெகிரெட் பிறந்தது மோசல் ஆற்றங்கரையில் லாய்வைலரில், இப்போது ஹில்ட்ரூட் இருக்கும் அதே வீட்டில். இளம் வயதிலேயே ட்ரியர் நகரத்துக்குப் போய், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சரியான கண்ணாடியை மாட்டிவிட்டால் எதையும் தெளிவாகப் பார்த்துவிடலாம் என்பது அவளுடைய தொழில் நம்பிக்கை. ஹில்ட்ரூட் விஷயத்தில் எந்தக் கண்ணாடியும் பொருந்தவில்லை.

ஹில்ட்ரூட் ஆற்றங்கரைக்காரி அல்ல. மேலே ஹுன்ஸ்ரூக் மேட்டில் உருளைக்கிழங்கு போடும் குடும்பத்துப் பெண். மேட்டிலிருந்து லாய்வைலருக்கு இறங்கிவரும் பாதையை ஒரு நல்ல மாடு அரை நாளில் நடந்துவிடும். ஆனாலும் ஆல்வின் போலிக்கைக் கட்டிக்கொண்டு கீழே வந்தவளை ஊர் கடைசிவரை 'மேட்டுக்காரி' என்றுதான் சொன்னது. பேரப்பிள்ளை எடுக்கும் வயதிலும் (அவளுக்குப் பிள்ளை இல்லை) மாதா கோயிலில் பாட்டுக்குழுப் பெண்கள் அவளுக்குத் திராட்சைக்கொடி கட்டும் முறையைச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

"ஊர் உலகம் எல்லாம் விசாரிக்கிறியே, ஒரு தடவை எங்கியாவது போயேன்" என்று அன்னெகிரெட் பலமுறை சீண்டியிருக்கிறாள்.

"நான்தான் ஏற்கெனவே வந்துட்டேனே" என்பாள் ஹில்ட்ரூட்.

பதில் அவ்வளவுதான். இதில் ஏதோ ஆழம் இருப்பதாக நினைப்பதா, சோம்பேறித்தனத்துக்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட்டது என்று நினைப்பதா என்பதில் அன்னெகிரெட் ஒரு முடிவுக்கு வரவில்லை.

லாய்வைலரில் ஒயின் எடுக்கிற வீடுகள் மே மாதமும் அறுவடைக் காலத்திலும் வாசல் கதவுக்கு மேல் ஒரு பூங்கொத்தைத் தொங்கவிடும். கொத்து தொங்கினால் முற்றம் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பெஞ்சில் உட்காரலாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து குடிப்பார்கள். சொந்தத் தோட்டத்துத் திராட்சையிலிருந்து எடுத்த ஒயினைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது, அது சட்டம். போலிக் வீட்டில் கொத்து மாட்டுவது ஆல்வினின் வேலை. ஏணியில் ஏறி, கதவு விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே கொக்கியில் மாட்டிவிட்டு, இறங்கி நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்ப்பான். பிறகு ஹில்ட்ரூட்டின் ராஜ்யம். டென்மார்க்காரர்கள், ஹாலந்துக்காரர்கள், கொலோனிலிருந்து வரும் பாட்டுக்குழுக்கள், ஒருமுறை வழி தவறி வந்த ஜப்பானியத் தம்பதி. யாரிடமும் அவள் கோட்டையையோ கோயிலையோ பற்றிக் கேட்டதில்லை. அவளுடைய கேள்விகள் வேறு மாதிரி.

"உங்க ஊர்ல மழை எந்தப் பக்கத்துலேருந்து வரும்?"

"செத்தவங்களப் புதைக்கிற இடம் மேட்டுல இருக்கா, பள்ளத்துலயா?"

எல்லாரிடமும் தவறாமல் கேட்டது ஒன்று: "காலைல ஜன்னலத் திறந்தா முதல்ல என்ன சத்தம் கேக்கும்?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. தெரியவில்லையே என்று கொஞ்சம் சங்கடப்பட்டு, இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடிப்பார்கள். அவளை நல்ல மனசுக்காரி என்று ஊரில் சொல்வார்கள். அன்னெகிரெட் அப்படிச் சொல்ல மாட்டாள். நல்ல மனசு என்று சொல்லிவிட்டால் ஒருவரைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை; அது அவளுக்குப் பிடிக்காது.

மார்ச்சில், கொடிகளை வளைத்துக் கட்டும் வேலை பாதியில் இருக்கும்போது, ஆல்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே உட்கார்ந்தான். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான், ஏப்ரல் தொடக்கத்தில் அடக்கம். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நடந்ததைத்தான் லாய்வைலரில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

யாரோ தெரிந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்து, வீட்டில் ஆள் இல்லை என்று கொண்டுவந்த பூங்கொத்தைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாட்டுவதற்கு இருந்தது அந்த ஒரே கொக்கிதான். பிற்பகலில் சைக்கிளில் வந்த நான்கு பேர் அதைப் பார்த்தார்கள். ஏப்ரலில் ஒரு முற்றம் திறந்திருப்பது அவர்களுக்கு அதிர்ஷ்டமாகப் பட்டிருக்க வேண்டும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

அன்னெகிரெட் அப்போது சமையலறையில் இருந்தாள். முற்றத்தில் பேச்சுக்குரல் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கறுப்பு உடையில் ஹில்ட்ரூட் அவர்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு திறந்திருக்குல்ல?" என்றான் ஒருவன், தலைக்கவசத்தைக் கழற்றியபடி.

ஹில்ட்ரூட் கதவின் மேலே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உக்காருங்க. ஆனா நேத்து ரொட்டிதான் இருக்கு."

சமையலறைக்குள் வந்தவளை அன்னெகிரெட் மறித்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா? அவன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா சொல்லு. வாய் இல்லியா?"

"சொன்னா எழுந்து போயிடுவாங்க."

"போகட்டுமே!"

"எதிர்க்காத்துல மிதிச்சு வந்திருக்காங்க, அன்னெகிரெட். தள்ளு. ரொட்டிக் கத்தி உன் பின்னாடி இருக்கு."

ஈரல் பதித்த தொத்திறைச்சி, ஊறுகாய் வெள்ளரி, நேற்றைய ரொட்டி, போன வருஷத்து ரீஸ்லிங் ஒயின். கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய கேள்வி முற்றத்தில் கேட்டது. நால்வரில் ஒருத்தி வடகடல் பக்கத்துக்காரி. "இப்ப ஒண்ணும் கேக்கறதில்ல" என்றாள். "முன்னாடி கப்பல் கட்டற எடத்துலேருந்து சுத்தியல் சத்தம் வரும். மூடிட்டாங்க. இப்பவும் ஜன்னலத் திறந்துட்டு ஒரு நிமிஷம் சும்மா நிப்பேன்." அதற்கு ஹில்ட்ரூட் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஹில்ட்ரூட்டும் சிரித்தாள். சமையலறையில் அன்னெகிரெட் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

கிளம்பும்போது அந்த வடகடல்காரியின் தோள் கொத்தில் பட்டது. உள்பக்கமாகத் திரும்பியிருந்த ரிப்பன் வெளியே வந்தது. அதில் அச்சடித்த ஆல்வினின் பெயரையும், அதற்குக் கீழே இருந்ததையும் படித்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எங்கள மன்னிச்சிடுங்க, போலிக் அம்மா. நாங்க நினைச்சது..."

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள் ஹில்ட்ரூட். "இத்தன வருஷமா கொத்து மாட்டினது அவர்தான். இன்னிக்கும் அவர் பேர்லதான் தொங்குது."

ஊர் இதைக் கேலியாக எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டக்காரன் கெரெயோன் மொய்ரர் அவளைத் தெருவில் பார்த்துச் சொன்னான்: "அனுமதி இல்லாம திறந்துட்டீங்களாமே, ஹில்ட்ரூட்? சாவுக் கொத்துக்கு தனியா லைசென்ஸ் வாங்கணும், தெரியுமில்ல?"

"நீ செத்தா வாங்கி வைக்கிறேன்" என்றாள் அவள்.

அன்னெகிரெட்டால் அப்படி விட முடியவில்லை. பழக்கத்தில் செய்தாளா, துக்கத்திலிருந்து தப்பிக்கச் செய்தாளா, இல்லை, உண்மையிலேயே அந்த நால்வரின் ஊரில் காலையில் என்ன சத்தம் கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் செய்தாளா? மூன்றாவதுதான் உண்மை என்றால், தன் தம்பி இறந்த வாரத்தில் அப்படி ஒரு ஆர்வத்தை மன்னிப்பதா, மதிப்பதா? ட்ரியருக்குப் போன பிறகும் அது மனதில் முள்ளாகக் கிடந்தது.

கோடையில் கெரெயோன்தான் போலிக் தோட்டத்தில் மருந்து அடித்தான், இலை கழித்தான். ஹில்ட்ரூட்டும் ஏறினாள். ஆனால் அறுபத்தெட்டு வயசு முழங்கால் அந்தச் சரிவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மோசல் சரிவு என்றால் நடக்கிற சரிவு அல்ல. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்கிற சரிவு. காலடியில் சிலேட்டுக் கல் சரசரவென்று நழுவும். பழக் கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டியில்தான் இறக்குவார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கெரெயோன் சமையலறையில் வந்து உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு பேசினான். அன்னெகிரெட்டும் அங்கே இருந்தாள்.

"மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது, ஹில்ட்ரூட். தோட்டத்த எனக்குக் குத்தகைக்கு விடுங்க. கீழ ரோட்டோரத்துல இருக்கறது நல்ல மண்ணு, நடுவுல இருக்கறதும் பரவால்ல. உச்சில பாறைக்கு அடியில இருக்கற அந்தக் கையகலத் துண்டையும் சேத்து எடுத்துக்கறேன், அது எனக்கு நஷ்டம்தான்."

"அங்க நம்ம தண்டவாள வண்டிகூடப் போகாது" என்றாள் ஹில்ட்ரூட்.

"அதான் சொல்றேன். முதுகுல சுமந்துதான் இறக்கணும். உங்க மாமனாரோட அப்பா என்ன கோவத்துல அத வெட்டினாரோ!"

"யார் மேல கோவம்னு எனக்குத் தெரியும்" என்றாள் அன்னெகிரெட். "உன் தாத்தா மேலதான்."

கெரெயோன் சிரித்தான். பிறகு தீவிரமானான். "மார்ட்டின் நாளுக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஒருத்தரோடத எடுத்துடுவேன். அதுக்கப்புறம் உங்களோடத யாரும் எடுக்கறதா தெரியல. காடாயிடும்."

மார்ட்டின் நாள் என்பது நவம்பர் பதினொன்று. குத்தகை ஆரம்பிப்பதும் முடிவதும் அங்கே அன்றைக்குத்தான். விஷயம் எல்லாருக்கும் தெளிவாகத்தான் இருந்தது. தோட்டத்தைக் கொடுத்துவிட்டால் சொந்தத் திராட்சை இல்லை. சொந்தத் திராட்சை இல்லாவிட்டால் கொத்து மாட்ட முடியாது. கொத்து இல்லாவிட்டால் அந்த முற்றத்துக்குள் யாரும் வரப்போவதில்லை. கொடுக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் முள்ளும் புதரும்.

ட்ரியரில் அன்னெகிரெட் குடியிருக்கும் கட்டடத்தில், அவளுடைய வீட்டுக்கு நேர் கீழே ஒரு சின்ன வீடு நவம்பரில் காலியாகவிருந்தது. அவள் ஏற்கெனவே வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"படிக்கட்டு இல்ல, லிஃப்ட் இருக்கு" என்றாள். "பேச ஆள் இருக்கு."

"நீயா?"

"ஏன், நான் ஆள் இல்லியா?"

"பாக்கறேன்" என்றாள் ஹில்ட்ரூட்.

'பாக்கறேன்' என்றால் அவள் உண்மையிலேயே பார்ப்பாள் என்று அன்னெகிரெட்டுக்குத் தெரியும். அதனால் பார்க்கவைக்க ஏற்பாடு செய்தாள். ரயிலில் போனால் காப்பி ஆறுவதற்குள் ட்ரியர் வந்துவிடும். படகில் போனால் ஆறு வளைந்து வளைந்து போவதில், படகை ஏற்றி இறக்கும் மதகுகளில் காத்துக் காத்து, ஒரு பகல் முழுக்க ஆகும். செப்டம்பர் நடுவில், அறுவடைக்குமுன் கிடைத்த ஒரு வெயில் நாளில் படகுக்குச் சீட்டு வாங்கினாள். ஆற்றங்கரையில் நாற்பது வருஷம் இருந்தும் ஹில்ட்ரூட் அந்தப் படகில் ஏறியதில்லை.

மேல்தளத்தில் அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் டியூஸ்பர்கிலிருந்து வந்த ஒரு பெண்கள் பந்துருட்டும் சங்கம். எல்லாரும் ஒரே ஊதாச் சட்டை. வருஷாந்தர உல்லாசப் பயணம். காலை பத்து மணிக்கே கிளாஸ்கள் காலியாகிக்கொண்டிருந்தன. முதல் மதகு வருவதற்குள், டியூஸ்பர்கில் மழை மேற்கிலிருந்து வருவதும், இடுகாடு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதும், காலையில் முதலில் கேட்பது மாடி வீட்டுக்காரரின் இருமல் என்பதும் ஹில்ட்ரூட்டுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க எந்த ஊரு?" என்றாள் சிவந்த கன்னங்களோடு ஒரு பருமனான அம்மாள். சங்கத் தலைவி அவள்தான்.

"இதோ இப்ப ஏறினேனே, அந்த ஊர்தான். அடுத்த வளைவுல எங்க தோட்டம் வரும்."

"ஐயோ, ஒயின்காரம்மாவா? ஏ பொண்ணுங்களா, இங்க வாங்க! எதுங்க உங்க தோட்டம்?"

ஊதாச் சட்டைகள் எல்லாம் கம்பியோரம் வந்துவிட்டன. படகு வளைவைத் திரும்பியது. சரிவு முழுவதும் வெயிலில் எழுந்து நின்றது: வரிசை வரிசையாகக் கொடிகள், இடையிடையே கல் சுவர்கள், உச்சியில் பழுப்புப் பாறை. ஹில்ட்ரூட் எழுந்தாள். பார்த்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"எதுங்க?"

"இருங்க" என்றாள்.

அன்னெகிரெட் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கை நீட்டினாள். "அதோ, அந்த ரெண்டு சுவருக்கு நடுவுல."

"அது கெரெயோனோடது."

"அப்ப அதுக்கு இந்தப் பக்கம்."

"அது பாதிரியாரோடது. அன்னெகிரெட், நீ இங்கதானே பொறந்த?"

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். "சொந்தத் தோட்டத்தத் தொலைச்சுட்டீங்களே!" என்றாள் தலைவி. ஹில்ட்ரூட் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சரிவின் ஒவ்வொரு கொடியையும் அவளுக்குத் தெரியும். எந்தக் கல் நழுவும், எந்தக் கம்பம் ஆடும் என்று கை அறியும். ஆனால் எதிரே நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. கரைச் சாலையிலிருந்து பார்த்தால் முதல் சுவர்தான் தெரியும். அக்கரையில் அவளுக்கு வேலை இருந்ததில்லை. இங்கிருந்து எல்லாம் ஒரே பச்சை, எல்லாருடையதும் ஒன்றுபோல.

படகு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சரிவு பின்னால் நகர ஆரம்பித்த நேரத்தில் அவள் விரல் மேலே போயிற்று.

"அதோ நிக்கிறாரு."

உச்சியில், பாறைக்குக் கீழே, கையகலத் துண்டின் ஓரக் கம்பத்தில் ஒரு நீலம். ஆல்வினின் வேலைச் சட்டை. போன இலையுதிர் காலத்தில் அவனே மாட்டியது. மனித வியர்வை வாசனைக்குக் காட்டுப்பன்றிகள் கிட்டே வராது என்பார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி அன்னெகிரெட் கோடையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"யாருங்க?"

"என் வீட்டுக்காரர்."

"அட! அவ்வளவு உச்சிலயா?" தலைவி கையை உயர்த்தினாள். "பேரு என்ன?"

"ஆல்வின்."

"ஏய், ஆல்வின்!" ஊதாச் சட்டைகள் எல்லாம் சேர்ந்து கூவின. கைக்குட்டைகள் ஆடின. ஒருத்தி கிளாஸைத் தூக்கிக் காட்டினாள். "ஆல்வின், கீழ வாங்க! ஊத்தி வச்சிருக்கோம்!"

நீலம் அசையவில்லை.

"கையக்கூட ஆட்ட மாட்டேங்கறாரே, ரொம்ப முறைப்போ?"

"வேல நேரத்துல யாரையும் பாக்க மாட்டாரு" என்றாள் ஹில்ட்ரூட். சொல்லிவிட்டு அவளும் கையை உயர்த்தி ஆட்டினாள். வளைவு மறைக்கும்வரை ஆட்டினாள்.

அன்னெகிரெட் உட்கார்ந்தே இருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். சொன்னால் அந்தப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று தோன்றியது. ஏப்ரலில் சமையலறையில் கேட்ட அதே வாக்கியம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ட்ரியர் வரும்வரை ஹில்ட்ரூட் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மதகில் தண்ணீர் நிரம்பிப் படகு மேலே மேலே எழும்பியபோதும் பின்பக்கமாகத் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள்.

ட்ரியரில் கறுப்பு வாசலைத் தாண்டித்தான் அன்னெகிரெட்டின் தெருவுக்குப் போக வேண்டும். ரோமாபுரிக்காரர்கள் கட்டிய அந்தப் பெரிய கல் வாயிலுக்கு முன்னால் ஹில்ட்ரூட் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்கும் செருப்புக் கடைக்கும் வந்தபோதெல்லாம் அதைக் கடந்திருக்கிறாள்.

"ரோமாபுரிக்காரங்க கட்டின மத்த வாசலெல்லாம் என்னாச்சு?"

"கல்ல எடுத்து வீடு கட்டிட்டாங்க. இதுக்குள்ள ஒரு துறவி உக்காந்து வாசல அடைக்கச் சொல்லிட்டாரு. அவர் செத்த பிறகு இத கோயிலாக்கினாங்க. அதனால யாரும் கை வைக்கல."

"அவருக்கு ஜன்னல் வச்சாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இத்தன வருஷமா இதுக்குப் பக்கத்துலயே இருக்க, யார்கிட்டயும் கேட்டதில்லியா?"

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவர்கிட்டயா?"

ஹில்ட்ரூட் அண்ணாந்து பார்த்தாள், ஆல்வின் கொத்தைப் பார்ப்பதுபோல. "அடைச்சுட்டா யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சிருப்பாரு. பாவம். அதனாலேயே கூட்டம் கூடியிருக்கும்."

பெரிய சந்தைத் திடலில் ஒயின் சாவடி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை ஒவ்வோர் ஊர்க்காரர் வந்து ஊற்றுவார்கள். அன்றைக்கு, சார் என்ற ஆற்றின் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி. அன்னெகிரெட் தனக்கு ஆப்பிள் ஒயின் வாங்கிவந்தாள், நகரத்துக்காரர்கள் வழக்கப்படி வெள்ளைப் பீங்கான் குவளையில்.

"ரீஸ்லிங் வீட்டுல பொறந்துட்டு புளிச்ச ஆப்பிள் தண்ணி குடிக்கிற" என்றாள் ஹில்ட்ரூட். "உங்கப்பா கல்லறைல புரண்டுக்குவாரு."

"உங்கப்பா உருளைக்கிழங்குச் சாராயம் குடிச்சாரே, அத விடவா?"

பேசிக்கொண்டே இருந்த ஹில்ட்ரூட் பாதியில் எழுந்தாள். அன்னெகிரெட் திரும்பிப் பார்த்தபோது, பக்கத்து மேசையில் காலியாயிருந்த கிளாஸ்களை விரலிடுக்கில் கோத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேசைக்காரர் அவளைப் பார்த்து, "எனக்கு இன்னொண்ணு" என்றார்.

"இனிப்பு வேணுமா, வேண்டாமா?"

"அவ இங்க வேலை செய்யல!" என்று கத்தினாள் அன்னெகிரெட்.

சாவடிப் பெண் ஓடிவந்து கிளாஸ்களை வாங்கிக்கொண்டாள். ஹில்ட்ரூட் வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். "யாரோ குடிச்சு வச்ச கிளாஸ் கண்ணு முன்னாடி நின்னா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது" என்றாள்.

மறுநாள் காலை, காலியாகவிருந்த வீட்டின் சாவியை வாங்கி வந்து அன்னெகிரெட் காட்டினாள். மரத்தரை, நல்ல வெளிச்சம். ஹில்ட்ரூட் நேரே ஜன்னலுக்குப் போய்த் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அன்னெகிரெட் வாசற்படியிலேயே காத்து நின்றாள்; ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்க்கும் அந்தக் கணம்போல.

"என்ன கேக்குது?"

"பஸ்ஸு" என்றாள் ஹில்ட்ரூட். "அப்புறம் மணி. அப்புறம் உன் முழங்கால் சொடக்கு."

"சரி, எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொள்ள அன்னெகிரெட்டுக்கு ரொம்ப ஆசை. ஆனால் ஊருக்குத் திரும்ப ரயில் வேண்டாம், படகில்தான் போவேன் என்று ஹில்ட்ரூட் பிடிவாதம் பிடித்தாள். தனியாகப் போனாள். துறையில் நின்று பார்த்தபோது, அவள் மேல்தளத்தில் சரிவுகள் தெரியும் பக்கமாக இடம் பார்த்து உட்கார்வது தெரிந்தது.

அறுவடை முடிந்தது. அக்டோபரில் கொத்து தொங்கியது. அன்னெகிரெட் வந்து வெங்காய அப்பம் சுட்டுக் கொடுத்தாள். ஹில்ட்ரூட் அதை மேசை மேசையாக எடுத்துப் போனாள்.

மார்ட்டின் நாளன்று மாலை குழந்தைகள் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் பாடிப் போனார்கள். அடுப்பில் வாத்து. கெரெயோன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஹில்ட்ரூட் வாத்தை அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"கீழ இருக்கறதும் நடுவுல இருக்கறதும் உனக்கு. உச்சி எனக்கு."

கெரெயோன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மாத்திச் சொல்றீங்களா? உச்சிய நான் எடுத்துக்கறேன், நீங்க ரோட்டோரமா நல்லதா ஒரு துண்டு வச்சுக்கங்க. காலுக்கும் சுலபம்."

"உச்சி."

"அதுல என்ன வரும்? ஒரு வாரத்துக்குக் கொத்து மாட்டக்கூடக் காணாது. பாதி வருஷம் பழுக்கவே பழுக்காது. ஆல்வினே அத விட்டுடலாம்னு சொல்லிட்டிருந்தாரு."

"சொல்லிட்டிருந்தாரு" என்று ஒப்புக்கொண்டாள் ஹில்ட்ரூட். "காலு வேணுமா, நெஞ்சா?"

"அந்த ட்ரியர் வீடு?" என்றாள் அன்னெகிரெட்.

"வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லு. நல்ல வீடு. ஜன்னல் நல்லா திறக்குது."

"ஏன், ஹில்ட்ரூட்? காரணம் சொல்லேன்."

அவள் அன்னெகிரெட்டின் தட்டில் வாத்துக் காலை வைத்து, அதன்மேல் குழம்பை ஊற்றினாள்.

அடுத்த மே மாதம் அன்னெகிரெட் ரயிலை விட்டுவிட்டுப் படகில் ஏறினாள். வளைவு திரும்பியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உச்சியைத் தேடினாள். இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை. சரிவு முழுக்கக் கெரெயோனின் ஒழுங்கான பச்சை. அதற்கு மேலே, பாறைக்கு அடியில், கொஞ்சம் கோணலாகக் கட்டிய சில வரிசைகள். ஓரக் கம்பத்தில் நீலச் சட்டை இல்லை. அங்கே ஒரு சிவப்பு இருந்தது. ஹில்ட்ரூட்டின் மழைக்கோட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் போட்டுக்கொண்டிருந்த, கிழியாத, நல்ல கோட்டு.

பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "அங்க ஒரு அம்மா நிக்கிறாங்க பாருங்க" என்று தன் மனைவியிடம் சொல்லிக் கையை ஆட்டினார்.

வீட்டு வாசலில் கொத்து தொங்கியது. முற்றத்தில் இரண்டு மேசை நிரம்பியிருந்தது. அன்னெகிரெட் நேரே சமையலறைக்குப் போனாள்.

"அவன் சட்டை எங்க?"

"துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்."

"உன் நல்ல கோட்ட எதுக்கு அங்க மாட்டின? பன்னிக்கு உன் வாசனை எதுக்கு?"

ஹில்ட்ரூட் கிளாஸ் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, துணியால் இன்னொரு சுற்றுத் துடைத்தாள்.

"படகுலயா வந்த?" என்றாள். "யாராவது கையாட்டினாங்களா? எந்த ஊராம்?"